ஊன்றுகோலும் திருவருளே

சைவ மக்களின் வழிபாட்டிலே கால்களுக்குப் பெரும் பங்கு உண்டு. திருநாவுக்கரசு நாயனார் அருளிய திருவங்கமாலைப் பதிகம், தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை என ஒவ்வோர் அங்கத்துக்கும் உரிய சிவப்பணியை எடுத்துரைக்கின்றது. அதிலே கால்களுக்கு உரிய பணியாகச் சொல்லப்படுவது இறைவன் உறையும் திருக்கோயிலைச் சூழ்ந்து வலம்வருதல் ஆகும்.

எமது ஆலயங்களில் நாள்தோறும் நடப்பதும் இதுவே. அடியார்கள் உள்வீதியும் வெளிவீதியும் வலம்வருகின்றனர். விநாயகப் பெருமானின் முன்னிலையில் தோப்புக்கரணம் இடுகின்றனர். கொடித்தம்பத்தின் அருகே நிலத்தில் வீழ்ந்து வணங்குகின்றனர். திருவிழாக் காலத்தில் ஆடவர் அங்கப்பிரதட்சணம் செய்ய, பெண்கள் தேரின் பின்னே அடியழிக்கின்றனர். தேர்வடம் பிடிப்போரும் காவடி எடுப்போரும் தம் கால்களின் வலுவையே நம்பி நிற்கின்றனர். பெண்களுக்கு உரியதாகிய பஞ்சாங்க நமஸ்காரத்தில் தலை ஒன்று, கைகள் இரண்டு, முழந்தாள்கள் இரண்டு ஆகிய ஐந்தும் நிலத்தில் பொருந்த வேண்டும் என்பது விதி. ஐந்தில் இரண்டு முழங்காலுக்கு உரியவை.

அந்த முழங்கால்களே தேய்ந்து போனால் அடியவர் என் செய்வார்?

வினையும் மருந்தும்

ஊர்தோறும் காணக்கூடிய ஓர் அம்மையாரை இங்கு நினைத்துப் பார்க்கலாம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இளமை தொட்டு விடியற்காலையில் எழுந்து செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் பறித்து, மாலை கட்டி, ஆலயத்துக்குக் கொண்டு சென்ற கால்கள் அவருடையவை. தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிய கால்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த இரவிலே, மழையிலும் இருளிலும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த கால்கள். அத்தனை பாரத்தையும் தாங்கிய முழங்கால்கள் இன்று குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையே நடப்பதற்கே மறுக்கின்றன.

தொடையெலும்பும் கீழ்க்காலெலும்பும் சந்திக்கும் இடத்திலே, அவற்றின் முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பாகப் போர்த்தியிருக்கின்றது. முதுமையினாலும் உடற்பாரத்தினாலும் பழைய காயங்களினாலும் அப்போர்வை தேயும்போது எலும்போடு எலும்பு உரசுகின்றது. நோவும் வீக்கமும் உண்டாகின்றன. கால் வளைந்தும் போகின்றது. எண்ணெய்ப் பூச்சும் மாத்திரையும் பயிற்சியும் போதாத நிலையில், வைத்தியர்கள் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையைச் சொல்கின்றனர். தேய்ந்த முனைகளைச் சீவி அகற்றி, உலோக மூடிகளைப் பொருத்தி, நடுவே உறுதியான பிளாஸ்ரிக் தட்டை வைப்பதே அச்சிகிச்சை.

"எல்லாம் வினைப்பயன். அனுபவித்துத் தீர்க்க வேண்டியதுதானே?" என்று சொல்லி வைத்தியரிடம் செல்லாதிருப்போரும் உளர். பிராரத்த வினை உடம்பின் வழியே அனுபவிக்கப்படும் என்பது சித்தாந்த உண்மையே. ஆயினும் திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் தம் அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றியபோது செய்தது என்ன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வினையென்று சும்மா இருங்கள் என அவர் சொல்லவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடிச் சுரத்தை நீக்கினார். வினையென்று கூறிக்கொண்டு அதிலிருந்து நீங்கும் வழியை நாடாதிருத்தல் குறையே என்பதும் அப்பதிகம் உணர்த்தும் கருத்தாகும். திருமூல நாயனாரும் உடம்பைப் பேணுதலை உயிரைப் பேணுதலோடு சேர்த்தே வைத்தார். ஆகவே வைத்தியசாலைக்குச் செல்லுதல் இறைவன்மேல் வைத்த நம்பிக்கைக் குறைவு அன்று.

உடம்புக்கு ஒரு கும்பாபிஷேகம்

உடம்பு ஆலயம் என்று கொண்டால், இச்சத்திரசிகிச்சை ஒரு திருப்பணி போன்றது. ஆலயத்தைப் புனருத்தாரணம் செய்ய எண்ணினால் முதலில் பாலஸ்தாபனம் செய்கின்றனர். மூலஸ்தானம் மூடப்படுகின்றது. அடியார்கள் பாலாலயத்திலே வழிபட்டுக் காத்திருக்கின்றனர். இடையிலே ஒருவர் வந்து, "இன்றைக்கே மூலஸ்தானத்தைத் திறவுங்கள்" என்று சிற்பாசாரியாரோடு சண்டை பிடிப்பதில்லை. கும்பாபிஷேகம் நிறைவேறிய பின்பும் வேலை முடிந்ததென்று எவரும் கோயிலைப் பூட்டிவிட்டுச் செல்வதில்லை. மண்டலாபிஷேகம் நாள்தவறாமல் நடைபெறுகின்றது. அது முறையாகப் பூர்த்தியானாலே கும்பாபிஷேகம் நிறைவெய்தியது எனக் கொள்ளப்படுகின்றது.

முழங்காலுக்கும் இதுவே முறை. சத்திரசிகிச்சை ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதன் பின்னே வரும் மாதங்களே மண்டலாபிஷேகம். அன்றோ மறுநாளோ தாதியரின் துணையோடு எழுந்து நிற்கச் செய்கின்றனர். சில நாட்களில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வைக்கப் பழக்குகின்றனர். இரண்டு வாரமளவில் தையல் பிரிக்கப்படுகின்றது. முதற் கிழமைகளில் முழங்காலைச் செங்கோணமளவுக்கு மடக்குவதே பெரிய காரியம். ஆறு வாரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் பெரும்பாலானோர் அன்றாடக் கருமங்களுக்குத் திரும்புகின்றனர். ஆயினும் வீக்கமும் சூடும் பல மாதங்கள் தங்கலாம். முழுப்பயனைக் காண ஓராண்டு வரை செல்லலாம். அதாவது, இவ்வாண்டுக் கொடியேற்றத்துக்கும் அடுத்த ஆண்டுக் கொடியேற்றத்துக்கும் இடைப்பட்ட காலத்தை இறைவனுக்கென்று ஒப்புக்கொடுத்துவிட வேண்டும்.

இதை அறியாதவர்களே இரண்டாம் மாதத்தில் மனம் உடைகின்றனர். "பக்கத்து வீட்டுக்காரி இதற்குள் நடந்து திரிந்தாளே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அம்மையாரும் கலங்கினார். பகலில் பொறுத்த நோவு இரவில் பெருகியது, நித்திரை வரவில்லை. பயிற்சி செய்யச் சொல்லி மகள் வற்புறுத்தினால் கோபம் வந்தது. பயிற்சியைச் செய்யாது விட்டால் மூட்டு இறுகியது. இறுகிய மூட்டை அசைக்க இன்னும் நொந்தது. பொறுமையின்மை நோயைவிடப் பெரிய நோயாயிற்று.

வெண்பாக்கத்தில் கிடைத்த கோல்

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்திலே இத்தகைய மனநிலைக்கு மருந்தாகும் ஓர் இடம் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரை விட்டு நீங்கியபோது இரு கண்களும் ஒளியிழந்தன. இறைவனின் தோழர் அவர். கேட்டவுடன் இரண்டு கண்களும் திரும்பக் கிடைக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. திருவெண்பாக்கத்திலே அவர் மனமுருகி வேண்டியபோது இறைவன் கொடுத்தது கண் அன்று, ஓர் ஊன்றுகோல். அக்கோலை ஊன்றிக்கொண்டே நாயனார் தல யாத்திரையைத் தொடர்ந்தார். திருவாலங்காட்டைத் தரிசித்துக் காஞ்சியை அடைந்தபோது இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியிலே திருக்குளத்தில் மூழ்கி எழ, உடலைப் பற்றியிருந்த பிணி நீங்கியது. திருவாரூரை அடைந்த பின்னரே வலக்கண்ணும் கிடைத்தது.

சுந்தரருக்குக் கண்ணொளி மங்கியது சபதம் தவறியமையால். முழங்கால் தேய்ந்தோர் அத்தகைய தவறு செய்தவர் என்பது இதன் கருத்தன்று. இங்கே கருத வேண்டியது அருள் வந்த முறையை. அது படிப்படியாக வந்தது. முதலில் கோல், பின்பு ஒரு கண், பின்பு உடல்நலம், ஈற்றிலே மறு கண். ஒவ்வொரு படிக்கும் இடையே நெடுவழி இருந்தது. அவ்வழியை அவர் நடந்தே கடந்தார். வெண்பாக்கத்திலேயே "கண் தந்தாலன்றி நகரேன்" என்று இருந்திருந்தால் காஞ்சியும் இல்லை, ஆரூரும் இல்லை.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் அடியவரின் கையிலுள்ள நடைச்சட்டமும் ஊன்றுகோலும் வெண்பாக்கத்துக் கோல் போன்றவையே. பலர் அதைப் பிடிக்க வெட்கப்படுகின்றனர். சனம் பார்க்கும் என்று கதவுக்குப் பின்னே மறைத்து வைக்கின்றனர். ஒரு நாள் கோலின்றி முற்றத்துக்கு இறங்கி விழுந்தும் விடுகின்றனர். கண் தருமுன் இறைவன் கோல் தந்தான் என்றால், கோலும் அருளின் ஒரு வடிவமே. அதை எப்போது விட வேண்டும் என்பதை வைத்தியரும் இயன் மருத்துவரும் சொல்வர். அதுவரை அதை மதிப்போடு பிடித்துக்கொள்ளுதல் கடமை.

ஐந்தெழுத்தும் அப்பியாசமும்

பொறுமை என்பது வாளாவிருத்தல் அன்று. இது முக்கியமாக உணர வேண்டிய ஒன்றாகும். மண்டலாபிஷேகம் தானே நடப்பதில்லை. குருக்கள் நாள்தோறும் வந்து செய்ய வேண்டியிருக்கின்றது. அவ்வாறே முழங்காலும் நாள்தோறும் பூசை கேட்கின்றது.

படுத்திருந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், காலை நீட்டி முழங்காலின் பின்புறம் கட்டிலில் படும்படி தொடைத் தசையை இறுக்கிப் பிடித்தல், குதியைப் பிட்டத்தை நோக்கி மெல்ல இழுத்து மடக்குதல், கதிரையில் இருந்து காலை நிமிர்த்தல் முதலியன பெரும்பாலும் கற்றுக்கொடுக்கப்படும் பயிற்சிகள். தசையை இறுக்கும்போது ஐந்து விநாடி பிடிக்கச் சொல்வது வழக்கம். சைவருக்கு அந்த எண்ணிக்கைக்கு மணிக்கூடு வேண்டாம். சி, வா, ய, ந, ம என்று ஓரெழுத்துக்கு ஒரு விநாடியாக மனத்துள் உச்சரித்தால் ஐந்தும் நிறைவெய்தும். பத்து முறை இறுக்கினால் பத்து முறை திருவைந்தெழுத்து ஓதியதாயிற்று. காலை, மதியம், மாலை என மூன்று வேளை செய்தால் அது முக்காலப் பூசை. நோவுக் குளிசையை வைத்தியர் சொன்ன வேளையில் எடுத்துவிட்டு அப்பியாசத்தைத் தொடங்குவதும், முடிந்தபின் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்துக் காலை உயர்த்தி வைப்பதும் பலன் தரும். காலை உயர்த்தும்போது முழங்காலின் கீழ் மட்டும் தலையணை வைத்து மடக்கி வைத்திருத்தல் ஆகாது. அவ்வேளைக்கு அது சுகமாக இருக்கும்; கால் நிமிராமல் போய்விடும்.

பொறுக்கக்கூடாதவையும் சில உள. கெண்டைக்காலில் திடீரென நோவும் வீக்கமும் கூடினாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்து நீர் வடிந்தாலோ, "பொறுத்துப் பார்ப்போம்" என்று இருக்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பொறுமைக்கும் அசட்டைக்கும் வேறுபாடு உண்டு.

கயிலையும் ஐயாறும்

நான்காம் மாதத்தில் திருவிழா வந்தது. அம்மையார் வீட்டில் இருந்தபடி மணியோசையைக் கேட்டார், ஆலயத்துக்குச் செல்லவில்லை. கோலோடு நடக்க முடிந்தது. ஆயினும் செல்லவில்லை. காரணம் கேட்ட மகளுக்குப் பதில் கூறவில்லை. பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்த குருக்களிடமே மனம் திறந்தார்.

"ஐயா, முழங்காலை நிலத்தில ஊன்றேலாமல் இருக்கு. விழுந்து கும்பிடாமல் சுவாமிக்கு முன்னால நிக்க மனம் ஏவுதில்லை."

குருக்கள் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, பஞ்சாங்கத்தில முழந்தாள் ரெண்டும் போனாலும் தலை ஒன்றும் கை ரெண்டும் மிச்சம் இருக்குத்தானே. அதுகளைக் கொண்டு வாங்கோ. சுவாமி உங்களைக் காணேல்லை எண்டுதான் பார்த்துக்கொண்டு இருக்கிறார்."

புதிய மூட்டோடு நடக்கலாம், படியேறலாம். ஆனால் முழந்தாளிட்டு நிற்றல் பலருக்குக் கடினமாகவே இருக்கும்; நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பதும் தோப்புக்கரணம் இடுவதும் அத்தகையனவே. இதனை ஓர் இழப்பாகவே அம்மையார் உணர்ந்தார். அது பொய்யான துயரம் அன்று. அறுபது ஆண்டுகள் நிலத்தில் பட்ட நெற்றி அது.

இத்துயரத்துக்கு விடை திருநாவுக்கரசு நாயனாரின் கயிலை யாத்திரையில் உண்டு. முதிர்ந்த வயதிலே கயிலைக் காட்சியை விரும்பி வடக்கே நடந்த நாயனாருக்குப் பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தாவிச் சென்றார், கைகளும் தேய்ந்தன. மார்பினால் ஊர்ந்தார், அதுவும் நைந்தபோது உருண்டார். இவ்வரலாற்றைக் கேட்போர், "அப்பர் சுவாமிகள் அப்படிச் செய்தாரே, நானும் நொந்தாலும் விழுந்து கும்பிடுவேன்" என்று எண்ணுதல் கூடும். ஆனால் வரலாற்றின் முடிவை மறத்தலாகாது. இறைவன் அவரை மேலும் உருளச் சொல்லவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தான். கால்கள் போக முடியாத இடத்திலிருந்த காட்சியை, போகக்கூடிய இடத்துக்கு இறைவனே கொண்டுவந்தான்.

ஆகவே இயலாத வணக்கத்தை வற்புறுத்திச் செய்து மூட்டைக் கெடுப்பதும் பக்தி அன்று. இயலவில்லையே என்று ஆலயத்தை விட்டு ஒதுங்குவதும் பக்தி அன்று. சிரமேல் இரு கைகளையும் குவித்து வணங்குதலும் நூல்கள் வகுத்த நமஸ்காரங்களுள் ஒன்றே. தோப்புக்கரணம் இட முடியாதவர் நின்றபடி நெற்றியில் குட்டிக் கும்பிடலாம். வீதி வலம்வர இயலாத நாளில் வசந்த மண்டபத்தின் எதிரே கதிரையில் இருந்து, எழுந்தருளும் மூர்த்தியைக் கண்ணார வலம்வரச் செய்யலாம். திருநின்றவூரில் பூசலார் நாயனார் கட்டிய கோயில் மனத்தினுள்ளே கட்டிய கோயில் அன்றோ? காஞ்சியிலே காடவர் கோன் கல்லால் எடுத்த கோயிலுக்குக் குறித்த நாளை மாற்றச் சொல்லி, இறைவன் பூசலாரின் கோயிலுக்கே முதலில் எழுந்தருளினான். மனத்தால் செய்யும் வலமும் அவன் கணக்கில் ஏறும்.

அருகிருப்போர் கடமை

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவ நாயனார் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என நான்காகப் பகுத்தார். நான்காமவர் இன்று பல வீடுகளில் இல்லை. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் இருக்க, பெற்றோர் தனித்து இருக்கின்றனர். சத்திரசிகிச்சைக்குக் காசு அனுப்பும் பிள்ளைகள், அதன் பின்னே வரும் ஆறு வாரத்துக்கு அருகிருக்க ஒருவரையும் ஒழுங்கு செய்தல் வேண்டும். வழுக்காத கிணற்றடி, கொமட், பிடித்து எழும்பச் சுவரில் ஒரு கைபிடி, கால்தடுக்காத தரை ஆகியவை மருந்துக்கு ஒப்பானவை. அயலவர் வந்து பார்க்கும்போது மற்றவரின் காலோடு ஒப்பிட்டுப் பேசாது, நேற்றைய காலோடு இன்றைய காலை ஒப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் அதுவே பெரிய உபகாரம்.

ஆலயங்களுக்கும் இதில் பங்குண்டு. கால்கழுவும் இடத்தில் பாசி பிடிக்காமலும், விளக்கெண்ணெய் சிந்திய தரை உடனே துடைக்கப்படவும் பார்த்தல், வாசற்படியருகே ஒரு கைபிடியும் சாய்தளமும் அமைத்தல், மண்டபத்தில் சில கதிரைகளை முதியோருக்கென ஒதுக்குதல், அன்னதான மடத்தில் ஒரு மேசை போடுதல் என்பன பெருஞ்செலவு பிடிக்காத திருப்பணிகள். அறுபது ஆண்டுகள் மாலை கட்டிக் கொண்டுவந்தவர் ஒருவர் ஒரு கதிரை இல்லாத காரணத்தால் வீட்டிலே இருந்துவிடுவாராயின், அக்குறை அவருடையது ஆகாது.

நின்று வலம்வந்த பெருமான்

மாங்கனிக்காக உலகை வலம்வர வேண்டிய வேளையில், முருகப் பெருமான் மயிலேறி விரைந்தார். விநாயகப் பெருமான் விரையவில்லை. தாயையும் தந்தையையும் மெல்ல ஒருமுறை சுற்றி வந்து நின்றார். கனி அவர் கைக்கு வந்தது. வலத்தின் பெருமை தூரத்திலும் வேகத்திலும் இல்லை, யாரைச் சுற்றுகின்றோம் என்ற நினைவிலேயே உண்டு என்பதைச் சிறு பிள்ளையும் அறிய வைத்த கதை இது.

தீர்த்தத் திருவிழாவன்று அம்மையார் ஆலயத்துக்கு வந்தார். ஒரு கையில் கோல். மறு கையை மகள் பிடித்திருந்தார். விழுந்து கும்பிடவில்லை. கோலை மகளிடம் கொடுத்துவிட்டு, தூணோடு சாய்ந்து நின்று, இரு கைகளையும் தலைமேல் குவித்தார். பின்னர் உள்வீதியை ஒருமுறை மட்டும் வலம்வந்தார். மூன்று முறை சுற்றியவர்கள் முடித்துச் சென்ற பின்னும் அவருடைய ஒரு சுற்று முடியவில்லை. முடியும்வரை குருக்கள் திரையை இழுக்காது காத்திருந்தார்.

நோவோடு படுத்திருப்போர்க்கும், அவர்க்குத் துணைநிற்போர்க்கும், மெல்ல எழுந்து நடப்போர்க்கும் எல்லாம்வல்ல விநாயகப் பெருமான் பொறுமையையும் தேக சுகத்தையும் தந்தருளுவாராக.

திருச்சிற்றம்பலம்